நூறு துப்பாக்கிகள்: ஸ்டார் ட்ரெக்கின் ஓர் இடைத்தர அத்தியாயமும் 1968ஆம் ஆண்டும்

ஸ்டார் ட்ரெக் மூலத் தொடரில் மொத்தம் 79 அத்தியாயங்கள். 1966 செப்டம்பர் முதல் 1969 ஜூன் வரை அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் அவை ஒளிபரப்பாயின. அவற்றுள் சிறந்தவை எவை என்பதில் ரசிகர்களிடையே பெரிய சச்சரவு கிடையாது. படுமோசமானவை எவை என்பதிலும் ஏறக்குறைய ஒருமித்த கருத்தே நிலவுகிறது. இவ்விரண்டு முனைகளுக்கும் நடுவே, யாரும் அதிகம் பேசாத அத்தியாயங்கள் ஒரு பெருங்கூட்டமாக நிற்கின்றன. காப்பியங்களை விட்டுவிட்டு அக்காலத்துச் சிற்றிலக்கியங்களைப் படிக்கும்போது அந்த நூற்றாண்டின் அன்றாட மனம் சற்றுக் கூடுதலாகப் பிடிபடுவதுண்டு. இத்தொடரின் நடுத்தரமான அத்தியாயங்களுக்கும் அந்தக் குணம் இருக்கிறது. அவற்றுள் ஒன்றை, 1968 பிப்ரவரி 2ஆம் தேதி ஒளிபரப்பான ‘எ பிரைவேட் லிட்டில் வார்’ என்னும் அத்தியாயத்தை, மீண்டும் எடுத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். ‘ஒரு சின்னத் தனிப்போர்’ என்று அத்தலைப்பைத் தமிழில் சொல்லிக்கொள்ளலாம்.

தொடரைப் பார்த்திராதவர்களுக்காகச் சில வரிகள். இருபத்து மூன்றாம் நூற்றாண்டு. பூமியும் பிற உலகங்களும் சேர்ந்த கூட்டமைப்பின் விண்கலம் எண்டர்ப்ரைஸ். அதன் தலைவர் காப்டன் கிர்க். உணர்ச்சியை ஒதுக்கித் தருக்கத்தை மட்டும் நம்பும் ஸ்பாக் அவருக்கு ஒரு பக்கம், எதற்கும் சினந்தெழும் மருத்துவர் மெக்காய் மறுபக்கம். கூட்டமைப்பின் பகைவர்கள் க்ளிங்கான்கள். வளர்ச்சி குன்றிய உலகங்களின் இயல்பான வரலாற்றில் குறுக்கிடலாகாது என்பது கூட்டமைப்பின் தலையாய கட்டளை. இந்தக் கட்டளையைக் கிர்க் மதிப்பதைவிட மீறுவதே அதிகம் என்பது வேறு கதை.

பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன், இளம் அதிகாரியாக இருந்தபோது தாம் தங்கிச்சென்ற ஒரு கோளுக்குக் கிர்க் திரும்பி வருகிறார். வில்லும் அம்பும் தவிர வேறு ஆயுதம் அறியாத அமைதியான மக்கள் அங்கே இருந்தார்கள். இப்போதோ ஊர்வாசிகளின் கையில் சிக்கிமுக்கிக் கல்லால் தீப்பொறி எழுப்பிச் சுடும் பழைய மாதிரித் துப்பாக்கிகள். மலைவாசிகளை அவர்கள் வேட்டையாடுகிறார்கள். முதல் சில நிமிடங்களிலேயே ஸ்பாக் சுடப்பட்டு வீழ்கிறார். ஊராருக்கு ஆயுதம் கொடுத்து, கொல்லுப்பட்டறை வைத்துக் கொடுத்து, படிப்படியாக மேம்பட்ட துப்பாக்கி செய்யக் கற்றுக்கொடுப்பவர்கள் க்ளிங்கான்கள் என்பது பிறகு தெரிகிறது. மலைவாசிகளின் தலைவன் டைரீ கிர்க்கின் பழைய நண்பன். உயிர்க்கொலை செய்ய மறுப்பவன். அவன் மனைவி நோனா மூலிகைகளும் மந்திரங்களும் அறிந்தவள். கிர்க்கிடம் உள்ள ஆயுதங்களைக் கணவன் பெற்றாக வேண்டும் என்பதில் உறுதியாக இருப்பவள். கிர்க் என்ன செய்வது? ஒதுங்கிப் போனால் நண்பனின் மக்கள் அழிவார்கள். தம்மிடமுள்ள ஆயுதங்களைக் கொடுத்தால் ஊரார் அழிவார்கள். ஊராரிடம் உள்ள அதே துப்பாக்கியை மலைவாசிகளுக்கும் கொடுப்பது என்ற முடிவுக்கு அவர் வருகிறார்.

நாடகமாக இது சுமாரானதுதான், மறைக்க வேண்டியதில்லை. நெற்றியில் கொம்பும் முதுகில் முட்களுமாக வரும் முகாட்டோ என்ற வெண்குரங்கு அச்சத்தைவிடச் சிரிப்பையே வரவழைக்கிறது. (பிரதியில் அதன் பெயர் குமாட்டோ. மெக்காயாக நடித்த டிஃபாரஸ்ட் கெல்லிக்கு அது வாயில் நுழையவில்லை என்பதால் படப்பிடிப்பில் மாற்றினார்களாம். இறுதிப் பெயர்ப் பட்டியலில் பழைய பெயரே தங்கிவிட்டது.) ஸ்பாக் கப்பலில் மயங்கிக் கிடக்க, செவிலி அவரைக் கன்னத்தில் அறைந்து எழுப்பும் கிளைக்கதை, ஸ்பாக்கை நடுவிலிருந்து அகற்றி வைப்பதற்காகவே ஒட்டவைத்தது போலிருக்கிறது. அதற்கும் ஒரு காரணம் உண்டு என்றே எண்ணுகிறேன். விவாதத்தில் ஸ்பாக் இருந்திருந்தால் கிர்க்கின் வாதத்திலுள்ள ஓட்டைகளை இரண்டே வாக்கியங்களில் எடுத்துக் காட்டியிருப்பார்.

அத்தியாயத்தின் உயிர்நாடி ஒரே ஒரு காட்சியில் இருக்கிறது. கிர்க் மலைவாசிகளுக்குச் சுடக் கற்றுக்கொடுப்பதைக் கண்டு மெக்காய் கொதிக்கிறார். கிர்க் அவருக்கு இருபதாம் நூற்றாண்டை நினைவூட்டுகிறார். ஆசியக் கண்டத்தில் நடந்த சிறு போர்களும், அவற்றின் பின்னே நின்ற இரு வல்லரசுகளும், எத்தரப்பும் விலக முடியாமல் ஆண்டுக்கணக்கில் ஓடிய இரத்தமும் அவர் பேச்சில் வருகின்றன. அன்று வழி கண்டது போலவே இன்றும் அதிகாரச் சமநிலை ஒன்றே வழி என்கிறார். எதிரி கூடுதலாகக் கொடுத்தால்? நாமும் அதே அளவு கூட்டிக் கொடுப்போம். இருப்பதிலேயே அழுக்கான ஆட்டம் இதுதான், ஆனால் இருதரப்பையும் உயிரோடு வைத்திருப்பதும் இது ஒன்றுதான் என்பது அவர் வாதம். வியட்நாம் என்ற பெயர் உச்சரிக்கப்படவே இல்லை. உச்சரிக்க வேண்டிய தேவை அன்று யாருக்கும் இருந்திருக்காது.

அந்த வெள்ளிக்கிழமையைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். 1968 ஜனவரி 30, 31ஆம் தேதிகளில், டெட் என்னும் வியட்நாமியப் புத்தாண்டு நாளில், வட வியட்நாமியப் படையும் தென்னகக் கொரில்லாக்களும் தென் வியட்நாமின் நகரங்களை ஒரே வீச்சில் தாக்கினர். சைகோனின் அமெரிக்கத் தூதரக வளாகத்துக்குள்ளேயே சண்டை நடந்தது. பிப்ரவரி 1ஆம் தேதி சைகோன் தெருவொன்றில், தென் வியட்நாமின் தேசியக் காவல்துறைத் தலைவர் நுயென் இங்கோக் லோவான் கைகள் கட்டப்பட்ட ஒரு கைதியின் தலையில் சுட்டார். எடி ஆடம்ஸ் எடுத்த அந்தப் புகைப்படம் மறுநாள் காலை அமெரிக்க நாளிதழ்களில் வந்தது. அதே சம்பவத்தை என்.பி.சி.யின் ஒளிப்பதிவாளரும் படம்பிடித்திருந்தார். அந்தப் படச்சுருள் பிப்ரவரி 2ஆம் தேதி மாலை, ஹண்ட்லியும் பிரிங்க்லியும் வழங்கிய என்.பி.சி. செய்தியில் காட்டப்பட்டது. அன்றிரவு எட்டரை மணிக்கு, அதே அலைவரிசையில், கிர்க் அதிகாரச் சமநிலை பற்றிப் பேசினார்.

இதை யாரும் திட்டமிடவில்லை. அத்தியாயம் படமாக்கப்பட்டது 1967ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில். போர் ஒரு முட்டுச்சந்துக்குள் போய்க்கொண்டிருக்கிறது என்பது தெரிந்தும் அதைச் சொல்லப் பலரும் தயங்கிய காலம் அது. அவ்வாண்டின் இறுதியில் நான்கு லட்சத்து எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கப் படையினர் வியட்நாமில் இருந்தார்கள். எழுதியவர்களின் மனநிலைக்கும் ஒளிபரப்பான நாளின் மனநிலைக்கும் இடையே நான்கு மாதங்களே இடைவெளி. ஆனால் அவை வேறு வேறு யுகங்கள் போலிருக்கின்றன.

பிரதியின் பிறப்பும் சுவையானது. மூலக்கதையை எழுதியவர் டான் இங்கால்ஸ். தொடரை உருவாக்கிய ஜீன் ராடன்பெரி அதைத் தம் கைப்பட முற்றிலும் திருத்தியெழுதினார். திருத்தம் பிடிக்காமல் இங்கால்ஸ் தம் பெயரை நீக்கிக்கொண்டு, ஜட் க்ரூசிஸ் என்ற புனைபெயரை இட்டார். வியட்நாம் காலத்து ஸ்டார் ட்ரெக் பற்றி 1990களில் எழுதிய அமெரிக்கப் பேராசிரியர் எச். புரூஸ் ஃபிராங்க்ளின், தொடரின் போர்ச் சிந்தனை எவ்வாறு மாறிச்சென்றது என்பதற்குச் சான்றாகக் கொண்ட அத்தியாயங்களுள் இதுவும் ஒன்று. 1967 ஏப்ரலில் வந்த ‘தி சிட்டி ஆன் தி எட்ஜ் ஆஃப் ஃபாரெவர்’ அத்தியாயத்தில், அமைதிக்காக உழைக்கும் ஒரு பெண் இறந்தாக வேண்டும், அவள் பிழைத்தால் ஹிட்லர் வென்றுவிடுவான் என்று கதை போகிறது. பத்து மாதங்கள் கழித்து அதே தொடரில் போரை நடத்தும் நியாயத்தைச் சொல்லும் நாயகனே களைத்துப் போயிருக்கிறான்.

இதைவிட வியப்பானது வேறொன்று. 1968இல் அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர்கள் இரண்டாகப் பிரிந்து, வியட்நாம் போரை ஆதரித்தும் எதிர்த்தும் அறிவியல் புனைகதை இதழ்களில் கையொப்பப் பட்டியல்களை விளம்பரமாக வெளியிட்டார்கள். ராபர்ட் ஹைன்லைனும் பவுல் ஆண்டர்சனும் ஆதரித்தோர் பக்கம். ஐசக் அசிமோவ், ரே பிராட்பரி, உர்சுலா லெ குவின் ஆகியோர் எதிர்த்தோர் பக்கம். எதிர்த்தோர் பட்டியலில் ஜீன் ராடன்பெரியின் பெயரும் இருக்கிறது. கிர்க்கின் வாயில் அந்தச் சமநிலை வாதத்தை வைத்தவரே, ஏறக்குறைய அதே பருவத்தில், போரைவிட்டு நாடு விலக வேண்டும் என்று கையெழுத்திட்டார். இதை முரண்பாடு என்று சொல்லிக் கடந்துவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. விலக வேண்டும் என்று நெஞ்சு சொல்கிறது. விலகுவது எப்படி என்று கதை எழுதத் தெரியவில்லை. 1967இன் தாராளவாத அமெரிக்க மனம் இருந்த இடம் இதுவென்றே கருதுகிறேன்.

ஆனால் கிர்க்கின் பேச்சில் ஒரு தந்திரம் இருக்கிறது, அதைக் கவனிக்காமல் விடக்கூடாது. அவர் வியட்நாமை இறந்தகாலத்தில் பேசுகிறார். முந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னிருந்து திரும்பிப் பார்ப்பவராக, அன்று வழி கண்டது சமநிலைதான் என்று, முடிந்துபோன வரலாற்றைச் சொல்வது போலச் சொல்கிறார். பார்வையாளருக்கோ அது இன்னும் முடியாத போர். நடந்து கொண்டிருக்கும் ஒன்றின் முடிவை வரலாற்றுச் செய்தி போல முன்கூட்டி அறிவித்துவிடுவது அறிவியல் புனைகதைக்கு மட்டும் வாய்த்த வசதி. இங்கே அந்த வசதி வாதத்துக்கு முட்டுக்கொடுக்கப் பயன்படுகிறது.

அந்த முன்னறிவிப்பு என்ன ஆயிற்று? கொள்கை அளவில் அப்படியே பலித்தது எனலாம். 1969இல் பதவியேற்ற நிக்சன் அரசு அமெரிக்கப் படையைப் படிப்படியாக விலக்கி, தென் வியட்நாமியர் கையில் ஆயுதத்தைக் குவிக்கும் வழியை மேற்கொண்டது. வியட்நாம்மயமாக்கல் என்பது அதன் பெயர். 1972இன் இறுதியில் அவசர அவசரமாகக் கொண்டு குவித்த விமானங்களால், தென் வியட்நாமின் விமானப்படை எண்ணிக்கையில் உலகின் நான்காவது பெரிய படை எனப்பட்டது. 1973 ஜனவரியில் பாரிஸில் உடன்படிக்கை கையெழுத்தானது. 1975 ஏப்ரல் 30ஆம் தேதி வட வியட்நாமின் டாங்கிகள் சைகோன் மாளிகையின் வாயிற்கதவை முட்டித் தகர்த்தன. ஆயுதத்தை ஆயுதத்தால் நிறுத்துப் பார்த்த தராசில், ஏந்தியவர்களின் காரணங்கள் நிறுக்கப்படவே இல்லை.

அத்தியாயத்தின் பெரும் குறை இவ்விடத்தில்தான் இருக்கிறது என்பேன். குரங்கு வேடத்தில் அல்ல. அந்தக் கோளின் மக்களுக்கு வரலாறே இல்லை. க்ளிங்கான்கள் வரும்வரை அது ஏதேன் தோட்டம். ஊராருக்கும் மலைவாசிகளுக்கும் இடையே நிலத்தகராறோ, வரிக்கொடுமையோ, பழைய வடுவோ எதுவுமில்லை. ஊராரின் தலைவன் அப்பெல்லாவுக்குச் சில வரிகளே வசனம். அவன் ஏன் போரிடுகிறான் என்று எவரும் கேட்பதில்லை. வியட்நாமில் அப்படியா இருந்தது? 1945 செப்டம்பர் 2ஆம் தேதி ஹோ சி மின் ஹனோயில் விடுதலையை அறிவித்தார். திரும்பிவந்த பிரெஞ்சுக்காரர்களோடு 1946 முதல் 1954 வரை போர். அதன் இறுதி ஆண்டுகளில் செலவின் பெரும்பங்கை ஏற்றது அமெரிக்கா. ஜெனீவா உடன்பாட்டின்படி 1956இல் நடக்க வேண்டிய தேர்தல் நடக்கவே இல்லை. இத்தனையையும் அழித்துவிட்டு, வெளியார் கொடுத்த துப்பாக்கியால் வந்த வினை என்று சுருக்கினால், தீர்வையும் வெளியாரின் துப்பாக்கியிலேயே தேட வேண்டியதாகிவிடுகிறது.

அந்தக் கோளில் தனக்கு என்ன வேண்டும் என்று தெளிவாகச் சொல்லும் ஒரே பாத்திரம் நோனா. ஆயுதம் உள்ளவன் ஆள்வான், இல்லாதவன் சாவான் என்று அவள் கணக்கிடுகிறாள். அந்தக் கணக்கு கிர்க்கின் கணக்கிலிருந்து அதிகம் வேறுபட்டதன்று. அவர் சொல்லும்போது அது அரசியல் துயரம்; அவள் சொல்லும்போது சூனியக்காரியின் பேராசை. கிர்க்கை அடித்து வீழ்த்தி அவருடைய ஃபேஸர் ஆயுதத்தைக் கவர்ந்து சென்று, ஊராரிடம் அகப்பட்டுக் குத்துண்டு இறக்கிறாள். எழுதியவர் அவளைத் தண்டித்துவிட்டார். அவளுடைய கருத்தை மட்டும் கிர்க்குக்காக வைத்துக்கொண்டார்.

சரி, வியட்நாமை விடுவோம். கதையில் வரும் அதே வகைத் துப்பாக்கி, அதே போன்ற சூழலில், உண்மையில் என்ன செய்தது என்பதற்கு வரலாற்றில் ஓர் இடம் உண்டு. அது பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்து நியூசிலாந்து. அங்குள்ள மவோரிக் குலங்களிடையே ஐரோப்பியக் கப்பல்களின் வழியாக மஸ்கெட் துப்பாக்கி பரவியது. ஙாப்புஹி குலத்தின் தலைவர் ஹோங்கி ஹிக்கா 1820இல் தாமஸ் கெண்டால் என்ற மதப்பணியாளரோடு இங்கிலாந்து சென்றார். கேம்பிரிட்ஜில் பேராசிரியர் சாமுவேல் லீ மவோரி மொழிக்கு இலக்கணமும் சொற்றொகுதியும் தொகுக்க உதவினார். அந்நூல் அவ்வாண்டே வெளியாயிற்று. மன்னர் நான்காம் ஜார்ஜையும் கண்டார். திரும்பும் வழியில், பரிசாகப் பெற்ற பொருள்களில் பெரும்பாலானவற்றைத் துப்பாக்கியாக மாற்றிக்கொண்டு, 1821இல் சில நூறு மஸ்கெட்டுகளோடு ஊர் சேர்ந்தார். ஒரு மொழிக்கு இலக்கணம் அமைய உதவிய அதே பயணம், அம்மொழி பேசிய மக்களுள் பல்லாயிரவரின் சாவுக்கும் வழிவகுத்தது. துப்பாக்கியற்ற குலங்கள் தாக்கப்பட்டன. பிழைத்தவை தாமும் துப்பாக்கி வாங்குவதற்காகச் சணல் போன்ற ஒரு நாரையும் உருளைக்கிழங்கையும் விளைவித்து விற்கத் தலைப்பட்டன. 1830களில் ஏறக்குறைய எல்லாக் குலங்களிடமும் துப்பாக்கி வந்துசேர்ந்தபின் போர்கள் தணிந்தன. கிர்க் சொன்ன சமநிலை வரத்தான் செய்தது. அதற்குள் சுமார் 20,000 பேர் மாண்டிருக்கலாம் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு.

இது கிர்க்குக்கு எதிரான சான்று என்று எடுத்துக்கொண்டு கட்டுரையை முடித்துவிட எனக்கும் ஆசைதான். ஆனால் அதே போர்களின் தொடர்ச்சியாக, நியூசிலாந்துக்குக் கிழக்கே சாத்தம் தீவுகளில் நடந்ததைப் படித்தவர்கள் அவ்வளவு எளிதில் முடிக்க முடியாது. அங்கே வாழ்ந்த மொரியோரி மக்கள், நுனுக்கு என்னும் முன்னோரின் கட்டளைப்படி, தம்முள் கொலையையும் போரையும் விலக்கி நூற்றாண்டுகளாக வாழ்ந்தவர்கள். 1835இல், மஸ்கெட் போர்களால் தம் மண்ணிலிருந்து பெயர்க்கப்பட்ட இரு மவோரிக் குலங்களைச் சேர்ந்த சுமார் 900 பேர், ஐரோப்பியக் கப்பலொன்றில் இரு நடைகளாகத் துப்பாக்கிகளோடு அங்கே வந்திறங்கினார்கள். மொரியோரிகள் தே அவாப்பாத்திக்கி என்ற இடத்தில் கூடி விவாதித்தார்கள். எதிர்த்துப் போரிடலாம் என்றனர் இளைஞர்கள். நுனுக்குவின் கட்டளையை மீறலாகாது என்றனர் மூத்தோர். மூத்தோர் சொல்லே நின்றது. அதன்பின் ஏறத்தாழ 300 பேர் கொல்லப்பட்டார்கள், எஞ்சியவர்கள் அடிமைகளாக்கப்பட்டார்கள். 1862இல் எண்ணியபோது மிஞ்சியிருந்தவர்கள் 101 பேர். அவர்களுடைய வழித்தோன்றல்களோடு நியூசிலாந்து அரசு செய்துகொண்ட இழப்பீட்டு உடன்பாடு 2021இல்தான் சட்டமாயிற்று.

கொலை செய்ய மறுக்கும் டைரீயும் அவன் மக்களும் மொரியோரிகளின் நிலையில்தான் நிற்கிறார்கள். எனவே மெக்காயின் அறச்சினம் எனக்கு முழு நிறைவு தருவதில்லை. தடுக்கிறார், கண்டிக்கிறார், வேறு என்ன செய்யலாம் என்று கிர்க் திருப்பிக் கேட்டால் விடையில்லை. இந்த அத்தியாயத்தைப் போர் ஆதரவுப் பிரச்சாரம் என்று ஒதுக்குவோரும், எதிர்ப்புக் குரல் என்று கொண்டாடுவோரும் இந்த இடத்தைத் தொடாமலே தாண்டிவிடுகிறார்கள். தலையிடாமல் இருப்பதும் ஒரு தலையீடே என்ற இக்கட்டு உண்மையானது. பலவீனமான கதையமைப்புக்குள் இருந்தாலும் அந்த இக்கட்டை ஒரு வணிகத் தொலைக்காட்சித் தொடர் 1968இல் பேசியது. அதே பருவத்தில், ஒரே மாதம் கழித்து வந்த ‘தி ஒமேகா குளோரி’யில் கிர்க் அமெரிக்க அரசியல் சட்டத்தை வாசித்துக் காட்டி வேற்றுக்கோளின் போரைத் தீர்த்துவைக்கிறார். அதனோடு ஒப்பிட்டால் இதன் நேர்மை இன்னும் துலக்கமாகத் தெரியும்.

அந்த நேர்மை வசனத்தில் இல்லை, கதைப்போக்கில் இருக்கிறது. கிர்க்கின் சமநிலை வாதம் டைரீயை அசைப்பதே இல்லை. முன்பொரு கணத்தில், கிர்க்கையும் நோனாவையும் நெருக்கமாகக் கண்டு துப்பாக்கியை உயர்த்தியவன், சுட மனமின்றி அதை வீசிவிட்டுப் போனவன் அவன். மனைவியின் பிணத்தைக் கண்டபின் அவனே கிர்க்கிடம் வந்து துப்பாக்கி கேட்கிறான். நிறைய வேண்டும் என்கிறான். ஊராரோடு சமமாக நிற்பதற்காக அவன் கேட்கவில்லை, கொன்றவர்களைக் கொல்வதற்காகக் கேட்கிறான். சமநிலையை வைத்து எந்தக் கணக்கைப் போட்டிருந்தாலும், ஆயுதத்தை வாங்கப்போகிறவன் மனத்தில் அந்தக் கணக்கு இல்லை என்பது கிர்க்குக்குத் தெரிகிறது. வில்லியம் ஷாட்னரின் மிகைநடிப்பைக் கேலி செய்வோர் இந்தக் காட்சியை ஒருமுறை பார்க்கலாம். முகத்தைத் திருப்பிக்கொண்டு, கப்பலோடு பேசும் கருவியை எடுத்து, இதே மாதிரி நூறு துப்பாக்கிகள் செய்ய எவ்வளவு நேரமாகும் என்று பொறியாளரிடம் கேட்கச் சொல்கிறார். மறுமுனையில், பொறியாளருக்குச் சரியாகக் காதில் விழவில்லை. நூறு என்ன என்று திரும்பக் கேட்கிறார். கிர்க் இரண்டாம் முறை துப்பாக்கி என்ற சொல்லைச் சொல்வதில்லை. ஏதேன் தோட்டத்துக்கு நூறு பாம்புகள் என்கிறார். பிறகு, களைத்துவிட்டோம், மேலே எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறார்.